செய்யாமல் விட்டதன் வருத்தமும் திடீர்ப் பயணங்களும்

1914-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பருக்குப் பிறகு பயணிகள் ரயில் ஓடவில்லை. தண்டவாளத்தின் இரு பக்கமும் தடுப்புச் சுவர் இல்லாத பாலம் அது. சுமார் 2 கிலோமீட்டர் தூரத்தை ரயில் ஊர்ந்துதான் கடக்கும். அத்தனை நேரமும் கதவோரம் நின்றவர்களுக்குக் காலடியில் நேராகக் கடல் தெரியும். 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டு ரயில்கள் மறுபடியும் ராமேஸ்வரம் போய்வருகின்றன என்றாலும், "அந்தப் பழைய பாலத்தில் ஒருநாள் போய்விட்டு வரவேண்டும்" என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த ஒருநாள் வராமலே போய்விட்டது. மதுரையிலிருந்து அதற்கு ஆகியிருக்கக்கூடிய செலவு, முன்பதிவில்லாப் பெட்டியில், ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டின் விலைகூட இல்லை. பணம் அவர்களைத் தடுக்கவில்லை, உடல்நிலையும் தடுக்கவில்லை, யாரும் போகவேண்டாம் என்று சொல்லவும் இல்லை. பாலம் எங்கே போய்விடப்போகிறது என்ற நினைப்பு மட்டுமே தடுத்தது.

இப்படிப்பட்ட மனக்குறையைப் பற்றி உளவியலில் கடந்த நாற்பது ஆண்டுகளாக நல்ல ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. அவற்றின் சாரத்தை எளிமையாக விளக்குவதும், திட்டமிடாமல் கிளம்பும் சிறு பயணங்கள் அந்த மனக்குறைக்கு எந்த அளவு மருந்தாகும், எந்த இடத்தில் ஆகாது என்று பார்ப்பதும் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

வருத்தங்களில் இரண்டு வகை

நாம் செய்துவிட்டு வருந்துவது ஒரு வகை. செய்யாமல் விட்டுவிட்டு வருந்துவது இன்னொரு வகை. இந்த இரண்டில் எது அதிகம் வலிக்கும் என்று கேட்டால், பெரும்பாலோர் முதல் வகையைத்தான் சொல்வார்கள். 1982-இல் உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் இதையே ஒரு சிறு கதையாக்கிக் கேட்டார்கள். ஒருவர் தன் பங்குகளை விற்று வேறு நிறுவனத்தின் பங்குகளை வாங்கினார். பழையதையே வைத்திருந்தால் 1,200 டாலர் லாபம் கிடைத்திருக்கும். இன்னொருவர் பங்குகளை மாற்றலாமா என்று யோசித்துவிட்டு மாற்றாமல் விட்டார். மாற்றியிருந்தால் அவருக்கும் அதே 1,200 டாலர் கிடைத்திருக்கும். யார் அதிகம் வருந்துவார் என்ற கேள்விக்கு 92 சதவீதத்தினர் மாற்றியவரைக் கைகாட்டினார்கள். நஷ்டம் ஒன்றுதான், ஆனால் கையைக் காலை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்ற எண்ணம் மாற்றியவரைக் குத்தும் என்று எல்லோருக்கும் தோன்றியது.

ஆனால் இந்த முடிவு, அவரவர் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பவர்கள் சொல்வதோடு ஒத்துப்போகவில்லை. வயதானவர்களிடம் பேசிப் பார்த்தால், "அன்றைக்குப் போயிருக்கலாம்", "படித்திருக்கலாம்", "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றுதான் பேச்சு வருகிறது. இந்த முரண்பாட்டை விளக்கியவர்கள் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் கிலோவிச்சும் விக்டோரியா மெட்வெக்கும். 1994-இல் வெளியான அவர்களது ஆய்வில், கடந்த ஒரு வாரத்தை மட்டும் நினைத்துப் பார்க்கச் சொன்னபோது, செய்ததற்காக வருந்தியவர்களும் செய்யாமல் விட்டதற்காக வருந்தியவர்களும் ஏறக்குறையச் சரிபாதியாக இருந்தார்கள். வாழ்நாள் முழுவதையும் நினைத்துப் பார்க்கச் சொன்னபோது, 84 சதவீதத்தினர் செய்யாமல் விட்டதையே பெரிய வருத்தமாகச் சொன்னார்கள். ஆகவே கேள்விக்கான விடை காலத்தைப் பொறுத்தது. செய்த தவறு உடனே சுடும், போகப்போக ஆறும். செய்யாமல் விட்டது அன்றைக்கு ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும்; வருடங்கள் கழித்துத்தான் வலிக்கத் தொடங்கும்.

இது ஏன் இப்படி நடக்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும், ஏனென்றால் இந்த விஷயத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது.

செய்து கெட்ட காரியத்துக்கு நாம் ஏதாவது பரிகாரம் தேடிக்கொள்கிறோம். திட்டமில்லாமல் கிளம்பி, பாதி மலையில் பேருந்து பழுதாகி நின்று, மாற்றுப் பேருந்து வரும்வரை இரவெல்லாம் குளிரில் உட்கார்ந்திருந்த ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அன்றிரவு எல்லோருக்கும் எரிச்சல். யார் சொல்லி இந்தப் பயணம் கிளம்பினோம் என்று சண்டைகூட வந்திருக்கும். ஆனால் ஐந்து வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அதே குடும்பம் சேர்ந்தால், அந்த இரவுதான் முதலில் பேச்சில் வரும். கண்டக்டர் யாருக்குத் தன் துண்டைக் கொடுத்தார், பின் சீட்டுப் பாட்டி எந்தப் பையிலிருந்து முறுக்கை எடுத்து எல்லோருக்கும் பங்கு வைத்தார் என்று ஒவ்வொருவரும் ஒரு துணுக்கைச் சேர்ப்பார்கள். கெட்ட அனுபவத்துக்குள்ளிருந்து நல்லதைப் பொறுக்கி எடுத்துத் தன்னைத் தேற்றிக்கொள்ளும் பழக்கம் மனத்துக்கு இயல்பாகவே இருக்கிறது.

போகாமல் விட்ட பயணத்தில் பொறுக்கி எடுக்க ஒன்றுமே இல்லை. அங்கே பேருந்து பழுதாகவில்லை, குளிர் அடிக்கவில்லை, யாரும் சண்டை போடவில்லை. நடக்காத ஒன்றுக்குக் குறையே வராது என்பதால் கற்பனையில் அது வருடா வருடம் அழகாகிக்கொண்டே போகிறது. அதற்கு ஒரு முடிவும் இல்லை. செய்த காரியத்தின் விளைவு ஓரிடத்தில் நின்றுவிடும். செய்யாத காரியத்தால் கிடைத்திருக்கக்கூடியவற்றை எண்ணத் தொடங்கினால், அங்கே யாரைச் சந்தித்திருப்போம், எதைக் கற்றிருப்போம், வாழ்க்கை எப்படித் திரும்பியிருக்கும் என்று நீண்டுகொண்டே போகும்.

கிலோவிச்சும் மெட்வெக்கும் சுட்டிய இன்னொரு காரணமும் உண்டு, என் பார்வையில் அதுவே மிக முக்கியமானது. ஒரு காரியத்தைச் செய்யாமல் தடுத்த பயங்கள் காலப்போக்கில் மங்கிவிடுகின்றன. அன்றைக்கு மேலதிகாரி விடுப்புத் தரமாட்டார் என்ற பயம் மலைபோல் இருந்தது. கையிருப்பில் இரண்டாயிரம் ரூபாய் குறையும் என்பது பெரிய கவலையாக இருந்தது. இருபது வருடம் கழித்துப் பார்த்தால் அந்த மேலதிகாரியின் பெயரே நினைவுக்கு வருவதில்லை. அந்த இரண்டாயிரம் எதற்குச் செலவானது என்றும் தெரிவதில்லை. தடைகள் மறைந்து, தவறவிட்டது மட்டும் மிஞ்சுகிறது. அப்போதைய நம் நிலையை இப்போதைய நாம் புரிந்துகொள்ளாமல், "ஏன்தான் போகாமல் இருந்தேனோ" என்று நம்மையே குற்றம் சாட்டிக்கொள்கிறோம்.

பொருளும் அனுபவமும்

எல்லாவற்றையும் உடனே செய்துவிடவேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. கிலோவிச்சும் எமிலி ரோசன்ஸ்வைக்கும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவுகிறது. பொருள்களைப் பொறுத்தவரை மக்கள் பெரும்பாலும் வாங்கிவிட்டு வருந்துகிறார்கள். அனுபவங்களைப் பொறுத்தவரை தவறவிட்டு வருந்துகிறார்கள். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. இந்தத் தீபாவளிக்கு வாங்காத தொலைக்காட்சிப் பெட்டியை அடுத்த தீபாவளிக்கு வாங்கலாம், அதைவிட நல்லதாகவும் கிடைக்கும். கல்லூரி கடைசி ஆண்டில் அதே நண்பர்களோடு போயிருக்கவேண்டிய பயணத்தை நாற்பது வயதில் அதே போலப் போகமுடியாது. நண்பர்கள் அதே ஆட்களாக இருந்தாலும் அந்த வயதும் அந்தக் கவலையின்மையும் திரும்பி வராது.

நம் வீடுகளில் இது பெரும்பாலும் தலைகீழாகவே நடக்கிறது. தவணையில் குளிர்சாதனப் பெட்டி வாங்க ஒரே மாலையில் முடிவெடுத்துவிடுகிறோம். அப்பாவை அவர் பிறந்த ஊருக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போய்வர நான்கு வருடமாக நாள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். செலவில் பத்தில் ஒரு பங்கும் ஆகாத காரியத்துக்குப் பத்து மடங்கு யோசனை.

தள்ளிப்போடுவது எப்படி நடக்கிறது

விருப்பமில்லாத வேலையைத் தள்ளிப்போடுவது எல்லோருக்கும் தெரிந்ததே. விருப்பமான காரியத்தையும் நாம் அதே அளவு தள்ளிப்போடுகிறோம் என்பதை 2010-இல் சூசன் ஷூவும் அயலெட் க்னீசியும் காட்டினார்கள். ஒரு காபிக் கடையின் பரிசுச் சீட்டை இரண்டு குழுக்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு மூன்று வாரக் கெடு. இன்னொன்றுக்கு இரண்டு மாதக் கெடு. அதிகக் கெடு கிடைத்தால் அதிகம் பேர் பயன்படுத்துவார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். சீட்டைப் பெறுபவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். நடந்தது வேறு. மூன்று வாரக் கெடு பெற்றவர்களில் 31 சதவீதத்தினர் பயன்படுத்தினார்கள். இரண்டு மாதக் கெடு பெற்றவர்களில் 6 சதவீதத்தினரே பயன்படுத்தினார்கள். காலம் தாராளமாக இருக்கிறது என்ற நிம்மதியே சீட்டைக் காலாவதியாக்கியது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது: பெருநகரங்களில் குடியிருப்பவர்கள் தங்கள் ஊரின் புகழ்பெற்ற இடங்களை, வெளியூரிலிருந்து விருந்தினர் வரும்போதோ, ஊரைவிட்டே போகப்போகிறோம் என்ற நிலை வரும்போதோதான் பார்க்கிறார்கள்.

மதுரையில் பிறந்து வளர்ந்தும் யானைமலையின் சமணச் சிற்பங்களைப் பார்க்காதவர்கள் உண்டு. தஞ்சாவூரிலேயே இருந்தும் சரஸ்வதி மகால் நூலகத்துக்குள் காலடி வைக்காதவர்கள் உண்டு. சென்னையில் பாதி ஆயுளைக் கழித்தும் பழவேற்காட்டு ஏரியைப் பார்க்காதவர்களை எண்ணி முடியாது. அருகில் இருப்பதும் எப்போது வேண்டுமானாலும் கிடைப்பதும் ஒரு கெடு இல்லாத பரிசுச் சீட்டைப் போன்றது.

இதற்குப் பின்னால் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. அடுத்த மாதம் நமக்கு அதிக நேரம் இருக்கும் என்று நம்புகிறோம். கேல் ஜாபர்மனும் ஜான் லிஞ்சும் 2005-இல் இதை ஆராய்ந்தார்கள்: எதிர்காலத்தில் பணம் கூடுதலாக இருக்கும் என்று மக்கள் நம்புவதைவிட, நேரம் கூடுதலாக இருக்கும் என்று நம்புவது அதிகம். "இந்த மாதம் வேலை நெருக்குகிறது, பரீட்சை முடியட்டும், மழை ஓயட்டும், ஓய்வு பெற்றபிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அவர் மனக்கண்ணில் தெரியும் அடுத்த மாதம் உண்மையிலேயே காலியாக இருக்கிறது. அது இந்த மாதமாக மாறும்போது, இப்போதைய மாதத்தைப் போலவே நிரம்பியிருக்கும். ஓய்வு பெற்றபிறகு நேரம் கிடைக்கத்தான் செய்கிறது; அதற்குள் மூட்டுவலி வந்துவிடுகிறது, அல்லது கூட வரவேண்டியவர் இருப்பதில்லை.

திடீரென்று கிளம்புவதில் என்ன லாபம்

அப்படியானால் முறையாகத் திட்டமிட்டுப் போகலாமே, எதற்காகத் திடீரென்று கிளம்பவேண்டும் என்ற கேள்வி நியாயமானது. நெடுந்தூரப் பயணத்துக்கும், குழந்தைகளோடும் முதியவர்களோடும் போகும் பயணத்துக்கும் திட்டம் அவசியம். காத்திருக்கும் நாட்களின் எதிர்பார்ப்பும் ஒரு சுகம்தான். ஆனால் திட்டமிடுதல் என்பது பல நேரங்களில் தள்ளிப்போடுதலின் மரியாதையான வடிவமாகிவிடுகிறது. நண்பர்கள் கூடி வாட்ஸ்அப் குழு தொடங்கி கோவா போகத் திட்டமிட்ட கதை நம்மில் ஏறக்குறைய எல்லோரிடமும் இருக்கிறது. தேதி ஒருவருக்கு ஒத்துவராது, விடுதி இன்னொருவருக்குப் பிடிக்காது, மூன்றாமவரின் வீட்டில் விசேஷம் வரும். குழு பல வருடம் உயிரோடு இருக்கும். அதில் காலை வணக்கப் படங்கள் மட்டும் வந்துகொண்டிருக்கும்.

கேப்ரியேலா டோனியெட்டோவும் செலின் மல்கோக்கும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இதில் இன்னும் நுட்பமான ஒன்றைக் காட்டுகிறது. தேர்வு நாட்களில் மாணவர்களுக்கு இலவசமாகக் காபியும் பிஸ்கட்டும் தரப்பட்டன. சிலர் எத்தனை மணிக்கு வந்து வாங்கிக்கொள்வது என்று முன்கூட்டியே குறித்துக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு, ஒரு இரண்டு மணி நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லப்பட்டது. நேரம் குறித்துக்கொண்டவர்களைவிட மற்றவர்கள் அந்த இடைவேளையை அதிகம் அனுபவித்தார்கள். நேரம் குறிக்கப்பட்டவுடன் பொழுதுபோக்கும் ஒரு வேலையைப் போல ஆகிவிடுகிறது என்பதே ஆய்வாளர்களின் விளக்கம். எனவே முழுமையான திட்டத்துக்கும் திட்டமே இல்லாமைக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது: நாளை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டு, எங்கே, எப்படி என்பதை அன்று காலையில் முடிவு செய்வது.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு. ஒரு சனிக்கிழமை காலை, உறவினர் ஒருவரை வழியனுப்ப மதுரை ரயில் நிலையம் போயிருந்தேன். அவரது வண்டி கிளம்பியபிறகு, போடிநாயக்கனூர் போகும் ரயில் பற்றிய அறிவிப்பு காதில் விழுந்தது. அகலப்பாதை ஆக்குவதற்காக 2010 இறுதியில் நிறுத்தப்பட்ட வழித்தடம் அது. பன்னிரண்டு வருடங்களுக்குப் பிறகு, 2023 ஜூனில்தான் போடி வரை மறுபடியும் ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. அன்று எனக்கு வேறு வேலை இல்லை. கவுன்டரில் ஒரு சாதாரண டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறிவிட்டேன். கைபேசியில் அம்மாவிடம் சொன்னபோது அவர் ஒரு நொடி பேசாமல் இருந்துவிட்டு, "சரி, சாயங்காலம் வந்துருவியா? வர்றப்ப நல்ல ஏலக்காயா நூறு கிராம் வாங்கிட்டு வா" என்றார்.

உசிலம்பட்டியைத் தாண்டியதும் ஆண்டிபட்டிக் கணவாயில், பாறையை வெட்டிப் போட்ட பாதைக்குள் ரயில் நுழைகிறது. எதிர் சீட்டில் இருந்த பெரியவர், பழைய சிறிய ரயிலில் இதே இடத்தில் என்ன தெரியும், எந்த ஊர்க்காரர்கள் எந்தப் பெட்டியில் ஏறுவார்கள் என்று, நான் கேட்காமலேயே சொல்லிக்கொண்டு வந்தார். போடியில் இறங்கி நடந்தால் சில தெருக்களில் ஏலக்காய் வாசனை சுவர்களிலேயே ஊறிப்போயிருப்பதுபோல் இருக்கிறது. கிடங்கு ஒன்றின் திறந்த கதவு வழியே, தரையில் வரிசையாக அமர்ந்த பெண்கள் சுளகில் காய்களைப் பரப்பி, பருமன் பார்த்து, வெடித்ததையும் நிறம் மங்கியதையும் விரல்களாலேயே ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். கண் சுளகில் இருந்ததாகவே தெரியவில்லை, அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. பிறகு நகரப் பேருந்தில் குரங்கணி வரை போய், மலையடிவாரத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு, மாலை ரயிலுக்குத் திரும்பினேன். இதில் சாகசம் என்று சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்கலாம். காலையில் கண்விழித்தபோது இல்லாத ஒரு நாள், மதியத்துக்குள் உண்டாகிவிட்டது. அதை நான் மதிக்கிறேன்.

இத்தகைய பயணத்துக்கு வேண்டியவை கொஞ்சம்தான். 199 கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரத்துக்கான முன்பதிவில்லா ரயில் டிக்கெட்டை வாங்கினால் மூன்று மணி நேரத்துக்குள், அல்லது அதன்பின் வரும் முதல் வண்டியில் கிளம்பிவிடவேண்டும் என்பது விதி; தயக்கத்துக்கு அதுவே ஒரு நல்ல மருந்து. தூரமாகப் போகவேண்டுமென்றால் தட்கல் முன்பதிவு பயண நாளுக்கு முந்தைய நாள் காலை 10 மணிக்குக் குளிர்சாதனப் பெட்டிகளுக்கும், 11 மணிக்கு மற்றவற்றுக்கும் தொடங்குகிறது. ஒரு மாற்றுடை, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள், கைபேசி மின்னேற்றி, கொஞ்சம் ரொக்கம் ஆகியவற்றை ஒரு பையில் எப்போதும் வைத்திருந்தால் போதும். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று இறங்கியவுடன் கேட்டுவைத்துக்கொள்ளவேண்டும். எங்கே இருக்கிறோம் என்று வீட்டில் ஒருவருக்கு எப்போதும் தெரிந்திருக்கவேண்டும்.

எந்த இடத்தில் நிற்கவேண்டும்

குரங்கணியின் பெயரைச் சொன்னபிறகு இதைச் சொல்லாமல் விடமுடியாது. 2018 மார்ச் 11 அன்று அந்த மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேற வந்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், வார இறுதியில் ஒரு புது அனுபவம் தேடி நகரங்களிலிருந்து வந்தவர்கள். காய்ந்த புல் நிறைந்த கோடைக்கால மலையில் தீ எவ்வளவு வேகமாக மேலேறும் என்பது வனத்துறையினருக்கும் மலைவாழ் மக்களுக்கும் தெரியும். நகரத்திலிருந்து வருபவருக்குத் தெரியாது. அந்தத் துயரத்துக்குப் பிறகு மலையேற்ற அனுமதி முறைகள் கடுமையாக்கப்பட்டன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலையேற்றப் பாதைகளை, பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடு, இணையவழிப் பதிவின் கீழ் கொண்டுவந்தது. அன்று குரங்கணி டீக்கடையோடு நான் திரும்பியதற்குக் காரணம் அனுமதி இல்லாமல் மேலே போகக்கூடாது என்பதுதான். அதை நான் ஒரு தவறவிட்ட வாய்ப்பாக நினைக்கவில்லை.

கிளம்பும் முடிவு திடீரென்று வரலாம்; காடு, கடல், அருவி, மலை ஆகியவற்றுக்குள் நுழையும் முடிவு திடீரென்று வரக்கூடாது. நீச்சல் தெரியாதவர் ஆழம் தெரியாத ஆற்றில் இறங்குவதும், மழை நாளில் எச்சரிக்கையை மீறி அருவியில் குளிப்பதும் துணிச்சலில் சேராதவை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வாகனத்தில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்கவேண்டும் என்ற நடைமுறை, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2024 மே மாதம் வந்தது. அரசுப் பேருந்தில் போனால் அது தேவையில்லை. இப்படிப்பட்ட விதிகள் பயணத்தின் சுவையைக் கெடுப்பதில்லை. அவை இருப்பதால்தான் அந்த மலைகள் நாளைக்கும் இருக்கும்.

பயணத்தைத் தாண்டிய முடிவுகளுக்கும் இது பொருந்தும். செய்யாமல் விட்டால் வருந்துவோம் என்ற ஆராய்ச்சியைக் காட்டி, வேலையை ஒரே நாளில் உதறுவதையும், கடன் வாங்கி வெளிநாடு சுற்றுவதையும் சிலர் நியாயப்படுத்துகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வள்ளுவர் இந்த இரண்டு பக்கத்தையும் ஒரே குறளில் நிறுத்தியிருக்கிறார்: "செய்தக்க அல்ல செயக்கெடும் செய்தக்க செய்யாமை யானுங் கெடும்." செய்யக்கூடாததைச் செய்வதாலும் கேடு, செய்யவேண்டியதைச் செய்யாததாலும் கேடு. ஆகவே திடீரென்று ஓர் அழைப்பு வரும்போது கேட்டுக்கொள்ளவேண்டியவை இரண்டு. இது சரியாக அமையாவிட்டால் ஏற்படும் நஷ்டம் ஒரு வாரத்திலோ ஒரு மாதத்திலோ ஈடுகட்டக்கூடியதா? இப்போது விட்டால் இந்த வாய்ப்பு பிறகு வருமா? நஷ்டம் சிறியது, வாய்ப்பு திரும்ப வராது என்றால் கிளம்பிவிடலாம். நஷ்டம் ஈடுகட்டமுடியாதது என்றால், வாய்ப்பு எவ்வளவு அரிதாக இருந்தாலும் நிதானித்தே தீரவேண்டும்.

யாருடைய விருப்பம்

கிலோவிச் 2018-இல் ஷாய் டேவிடாயுடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இந்தப் பேச்சுக்கு இன்னொரு கோணத்தைத் தருகிறது. வாழ்க்கையின் மிகப் பெரிய வருத்தம் எது என்று கேட்டபோது, சுமார் நான்கில் மூன்று பேர், கடமை தவறியதைச் சொல்லவில்லை. தாங்கள் ஆக விரும்பிய மனிதராக ஆகாமல் போனதையே சொன்னார்கள். கடமை தவறினால் ஊர் கேட்கும், வீடு கேட்கும், அதனால் நாமும் எப்படியோ சரிசெய்துவிடுகிறோம். சொந்தக் கனவைத் தவறவிட்டால் கேட்பதற்கு யாரும் இல்லை.

இதிலிருந்து நான் புரிந்துகொள்வது, பயணங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் வருத்தம் குறையாது என்பது. இன்ஸ்டாகிராமில் பார்த்த இடத்துக்கு, அங்கே எல்லோரும் போகிறார்கள் என்பதற்காகவே ஓடுகிறவருடைய மனக்குறை அங்கே போனாலும் தீராது, ஏனென்றால் அது அவருடைய மனக்குறையே இல்லை. பள்ளிப் பருவத்திலிருந்து கடலில் கட்டுமரம் ஏறவேண்டும் என்று ஆசைப்பட்டவர், கூத்து ஒன்றை இரவு முழுக்க விழித்திருந்து பார்க்கவேண்டும் என்று நினைத்தவர், பாதியில் விட்ட நீச்சலை ஐம்பது வயதில் மாநகராட்சிக் குளத்தில் தொடங்க நினைப்பவர் ஆகியோருக்குத்தான் இந்தத் திடீர் முடிவுகள் உண்மையாக உதவும்.

எல்லோருக்கும் ஒரே அளவு சுதந்திரம் இல்லை என்பதையும் மறக்கக்கூடாது. படுக்கையில் இருக்கும் மாமியாரைக் கவனிக்கும் ஒரு பெண்ணிடமோ, ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒருநாள் கூலி போய்விடும் தொழிலாளியிடமோ, "வாழ்க்கை ஒருமுறைதான், கிளம்புங்கள்" என்று சொல்வது கொடுமை. அவர்கள் போகாமல் இருப்பதற்குக் காரணம் தயக்கம் இல்லை. ஆனாலும் இவர்களுக்கும் சிறு வழிகள் திறந்திருக்கின்றன. 2021 மே மாதம் தொடங்கி, தமிழ்நாட்டில் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். யாரிடமும் பணம் கேட்காமல், யாருக்கும் கணக்குச் சொல்லாமல், ஒரு மதிய நேரத்தில் கடற்கரைக்கோ, தோழியின் வீட்டுக்கோ, இதுவரை இறங்கிப் பார்க்காத கடைசி நிறுத்தத்துக்கோ போய்வரலாம் என்பது பல பெண்களுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கிடைத்த ஒன்று. அதைவிடப் பெரிய சாகசத்தை எனக்கு எளிதில் சொல்லத் தெரியவில்லை.

அடுத்து வரும் ஒரு வாய்ப்பு

இந்தக் கருத்து முழுவதையும் ஒரே இடத்தில் பார்க்கவேண்டுமென்றால் குறிஞ்சியைச் சொல்லலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூக்கும். மூணாறு, கொடைக்கானல் பகுதிகளில் 2006-இல் பூத்தது, பிறகு 2018-இல் பூத்தது. 2018-இல் பலர் மாதக்கணக்கில் திட்டமிட்டு, விடுதி அறைகளை முன்பதிவு செய்து வைத்திருந்தார்கள். அந்த ஆகஸ்டில் கேரளத்தைப் புரட்டிப்போட்ட பெருவெள்ளமும் நிலச்சரிவுகளும் மூணாறுச் சாலைகளைத் துண்டித்தன. முன்பதிவுகள் எல்லாம் வீணாயின. மழை ஓய்ந்து, பாதை சரியாகி, பூ இன்னும் இருக்கிறது என்ற செய்தி கேட்டு அந்த வாரமே கிளம்பியவர்கள் மலைச்சரிவுகள் நீலமாக இருப்பதைப் பார்த்தார்கள். அடுத்த மாதம் போகலாம் என்று இருந்தவர்கள் பார்க்கவில்லை.

அடுத்த பூப்பு 2030-இல் எதிர்பார்க்கப்படுகிறது. எந்த வாரத்தில் எந்தச் சரிவில் நன்றாகப் பூக்கும் என்று இன்றைக்கு யாராலும் சொல்லமுடியாது, அந்த ஆண்டின் மழையைப் பொறுத்தது அது. எனவே இப்போதே அறை தேடவேண்டியதில்லை. மலையில் கடை வைத்திருப்பவரோ, தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவரோ, பூத்தவுடன் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லக்கூடிய ஒருவரைப் பழக்கப்படுத்தி வைத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு ஜூலை முதல் அக்டோபர் வரை இரண்டு நாள் விடுப்பை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருக்கலாம். வீட்டில் எழுபதைத் தொடுகிறவர் யாராவது இருந்தால், அவருக்கு ஏறி இறங்க வசதியான பாதை எது என்பதை மட்டும் முன்னதாகவே விசாரித்து வைக்கலாம். 2042 வரை காத்திருக்கச் சொல்லமுடியாதவர்கள் அவர்கள்தான்.